நூறு இடம் பார்க்கிற மனிதர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. பெயர் போட்டு எழுதினால் சாட்சி சொல்வது மாதிரி ஆகிவிடும். நான் சாட்சி சொன்ன இலட்சணத்தைக் கீழே படிக்கத்தான் போகிறீர்கள். எங்கள் ஒழுங்கையில், சின்னத் தெருதான், அவரை எல்லோரும் மலேரியா ஐயா என்றார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அண்ணன் என்போம்.

மலேரியா இருந்த காலத்தில் காய்ச்சல்காரரின் விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் தடவி எடுப்பார்கள். அந்தத் துண்டுகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துக் கிருமி தேடுவதுதான் அவருடைய தொழில். படுவான்கரையிலிருந்து வாவியைத் தாண்டித் தோணியில் பெட்டி பெட்டியாக வந்து இறங்குமாம். ஓய்வு பெற்று எங்கள் வளவுக்கு மூன்றாம் வளவில் அவர் குடிவந்தபோது மலேரியாவும் ஊரைவிட்டுப் போயிருந்தது. "நீங்கதானே அண்ணன் அதை விரட்டின ஆள்," என்று ஒருநாள் புகழ்ந்து பார்த்தேன். "நான் விரட்டல்ல தம்பி. பாத்தன்," என்றார்.

அந்தத் தொழிலில் ஒரு விதி இருந்தது. நுணுக்குக்காட்டியில் ஒரு நேரத்தில் தெரிவது இரத்தத்தில் மிகச் சின்ன ஓர் இடம். கண்ணாடியை மயிரளவு நகர்த்தினால் அடுத்த இடம் தெரியும். இப்படி நூறு இடம் பார்த்து, நூறிலும் கிருமி கிடைக்காவிட்டால்தான் 'காணப்படவில்லை' என்று எழுதலாம். தொண்ணூறு பார்த்துவிட்டு எழுதக் கூடாது. வலக்கை கண்ணாடியை நகர்த்தும்போது இடக்கையில் ஒரு சின்ன எண்ணுகிற கருவி டிக், டிக் என்று அடிக்கும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கருவி அவருடைய சேட்டுப் பொக்கற்றைவிட்டு இறங்கவில்லை. அந்த விதியும் அப்படியே அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நானோ ஓர் அரச அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவன். மேசைக்கு வருகிற கோப்புகளின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையொப்பம் இடுவது என் வேலை. எத்தனையைப் பார்த்தேன் என்று கேட்டு என் ஓய்வூதியத்துக்கு வேட்டு வைக்காதீர்கள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று என் மனைவிக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

அவரிடம் மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள். கதிரையைவிட்டு எழும்புவார், முற்றத்துக்குப் போவார், நாலு திசையும் அண்ணாந்து பார்ப்பார், திரும்பி வந்து இருந்துகொண்டு சொல்லுவார். "இப்ப பெய்யல்ல. ஏறாவூர்ப் பக்கம் கறுத்திரிக்கு." அவ்வளவுதான். வருமா, வராதா என்ற கேள்வி அப்படியே கிடக்கும். கேட்டவர் குடையைக் கொண்டு போவதா விடுவதா என்று முழிசிக்கொண்டு நிற்பார்.

ஒருமுறை அடுத்த தெருவில் ஒரு கலியாணப் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை இவரோடு வேலை செய்த பையன். பெண்ணின் தகப்பன் விசாரிக்க வந்தார். இவர் நன்றாக யோசித்துவிட்டு, "ரெண்டு வரிசம் பக்கத்து மேசையில இரிந்தார். வெள்ளன வேலைக்கு வருவார். சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவி வைப்பார். வேற ஒண்டும் நான் காணல்ல," என்றார். வேறு ஒன்றும் காணவில்லை என்றால் எதையோ மறைக்கிறார் என்று தகப்பன் நினைத்துவிட்டார். கலியாணம் முறிகிற நிலைக்கு வந்து, நான் போய்த் தலையிட்டு, முன்பின் கண்டிராத அந்தப் பையனைத் தங்கக்கட்டி என்று சத்தியம் பண்ணி ஒப்பேற்றினேன். நல்ல காலம், பையன் தங்கக்கட்டியாகவே இருந்தான். அண்ணன் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நீங்க அவரை எங்க பாத்தீங்க?"

இனி என் கதைக்கு வருகிறேன். கட்டாரில் வேலை செய்யும் மகன், அப்பா வீட்டில் சும்மா இருந்து அம்மாவின் உயிரை வாங்குகிறார் என்று கேள்விப்பட்டு, கையில் பிடிக்கிற ஒரு டிஜிட்டல் நுணுக்குக்காட்டியை அனுப்பிவைத்தான். டோச் லைட் அளவுதான். நுனியைச் சுற்றிச் சின்னச் சின்ன வெளிச்சங்கள். வயரைக் கொம்பியூட்டரில் சொருகி, நுனியை எதன்மேல் வைத்தாலும் திரையில் அது பூதாகாரமாகத் தெரியும். பெட்டியில் ஆயிரம் மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. முதல் வேலையாக அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் என் மேசையில் கிடந்த அடிமட்டத்தை எடுத்து நுனியின்கீழ் வைத்தார். இன்னோர் அடிமட்டம் கேட்டு வாங்கி, திரையில் ஒரு மில்லிமீற்றர் எவ்வளவு நீளமாகத் தெரிகிறது என்று அளந்தார்.

"அறுவது மடங்கு மட்டில இரிக்கு," என்றார்.

"ஆயிரம் எண்டு போட்டிரிக்கே அண்ணன்."

"ஓம். பெட்டியில போட்டிரிக்கு."

அறுபதோ ஆயிரமோ, நான் விடவில்லை. உப்பு, சீனி, நுளம்பின் கால், மனைவியின் சீலைத் தலைப்பு, என்னுடைய கால் பெருவிரல் நகம் என்று அகப்பட்டதையெல்லாம் பார்த்துப் படம் எடுத்தேன். எங்கள் ஒழுங்கைக்காரருக்குக் கைபேசியில் ஒரு குறூப் இருக்கிறது. தண்ணீர் வராத நாள், செத்தவீடு, காணாமற்போன கோழி எல்லாம் அதில்தான் வரும். அதில் நாளுக்கு நாலு படம் போட்டேன். என் கால் நகத்தைப் பார்த்த பிறகு இரண்டு பேர் குறூப்பைவிட்டே போய்விட்டார்கள்.

ஒருநாள் உப்புத் தூள் நுனியில் ஒட்டிவிட்டது. முன்பக்கத்தைத் திருகிக் கழற்றி, பழைய பனியன் துண்டால் உள்ளே நன்றாகத் துடைத்தேன். துப்புரவாக வேலை செய்கிறேன் என்று நினைப்பு. திரும்ப மாட்டிவிட்டுப் பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று குசினிக்குள் போனால், மத்தியானச் சோற்றுக்கு வாங்கின எருமைத் தயிர்ச் சட்டி திறந்து இருந்தது. ஒரு கரண்டி அள்ளிக் கோப்பையில் போட்டு நுனியை வைத்தேன்.

புழு. வளைந்து, கறுத்து, தயிருக்குள் நீந்திக்கொண்டு போனது. என் கை அங்கே போனால் அங்கே நீந்தியது, இங்கே வந்தால் இங்கே நீந்தியது. வீடியோ எடுத்தேன். 'நமது ஒழுங்கையில் விற்கப்படும் தயிரில் உயிருள்ள புழுக்கள். நுணுக்குக்காட்டி மூலம் நிரூபிக்கப்பட்டது. ஆயிரம் மடங்கு' என்று எழுதிக் குறூப்பில் போட்டேன். கண்டது ஒரு புழு. புழுக்கள் என்று எழுதினது அலுவலகப் பழக்கம்.

எங்கள் ஒழுங்கையில் தயிர் விற்பது ஒரே ஒருத்திதான். ஒழுங்கை முடிகிற இடத்தில், வாவிக் கரையில் அவளுடைய வீடு. புருசன் இல்லை. ஏழு எருமையும், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளும். அந்த வீட்டில் அடுப்பு எரிவதும் பிள்ளைகள் படிப்பதும் அந்தத் தயிரால்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். வீடியோவைப் போடும்போதும் தெரியும். ஆனாலும் ஊருக்கு ஒரு நன்மை செய்கிறேன் என்ற பெருமை கண்ணை மறைத்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டுகள் முப்பது வருட உத்தியோகத்தில் கிடைக்காதவை.

மூன்றாம் நாள் சந்திக் கடைக்காரர்கள் அவளுடைய சட்டிகளை வாய்க்கட்டும் அவிழ்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். அவள் என்னிடம் வரவில்லை. அண்ணனிடம் போனாள். என் கெட்ட காலம், நான் அந்நேரம் அவருடைய விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஐயா, நீங்க ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நீங்க கண்ணாடி பாத்த ஆள். சனம் நம்பும்."

"என்ன சொல்லணும் பிள்ளை?"

"என்ட தயிரில புழு இல்ல எண்டு சொல்லுங்க."

"நான் பாக்கல்லயே."

"நெடுகிலும் என்னட்டத்தானே வாங்கித் தின்டீங்க?"

"ஓம். வாங்கினன், தின்டன். பாக்கல்ல."

"பாத்துட்டுத்தான் சொல்லுவீங்களா ஐயா? மனுசரப் பாத்துச் சொல்ல மாட்டீங்களா?" என்று அவள் கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு சட்டி தாங்க. பாக்கிறன்," என்றார். சட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். கொம்பியூட்டர் பழுது என்று சொல்லிப் பார்த்தேன். மனைவி குசினியிலிருந்து, "காலத்தால வேலை செஞ்சிதே," என்றாள். வேறு வழியில்லாமல் போட்டேன்.

தயிரைத் தொடவேயில்லை அவர். "வெள்ளைக் கடதாசி ஒண்டு தாங்க," என்றார். கொடுத்தேன். நுனியை வெறுங் கடதாசியில் வைத்தார். திரையில் புழு. அதே வளைவு, அதே கறுப்பு, திரையின் இடப்பக்க மூலையில் அதே இடம். கடதாசியை மெல்ல இழுத்தார். புழு நீந்தியது.

"புழு நீந்தல்ல தம்பி. அது நிண்ட இடத்திலதான் நிக்குது. அண்டைக்குத் தயிர்தான் நகர்ந்திரிக்கு," என்றார்.

முன்பக்கத்தைக் கழற்றி, மனைவியின் புருவம் பிடுங்குகிற இடுக்கியால் உள்ளே இருந்ததை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பனியன் நூல். என் முகத்தில் ஈயாடவில்லை. கையில் இருந்ததைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரும்பி வந்து அவரிடம் சொன்னாள். "விசயம் தெரிஞ்சிட்டுதானே அண்ணன். அந்தப் பிள்ளையிட்டப் போய்ச் சொல்லிருங்க. பாவம், அது தவிச்சுக்கொண்டு இரிக்கு."

"தங்கச்சி, மெசின்ல நூல் இரிந்தது கண்டாச்சு. தயிரில புழு இல்ல எண்டு இன்னும் காணல்ல. ஒரு நாள்த் தயிர் காணாது. மூணு நாள் பாக்கோணும்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. குறூப்பில் இரண்டு வரி, 'மன்னியுங்கள், அது என் பனியன் நூல்' என்று எழுதினால் முடிந்தது. அதற்கு நூறு இடமும் வேண்டாம், மூன்று நாளும் வேண்டாம். ஆனால் மானம் போவது மூன்று நாள் தள்ளிப் போகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. "அண்ணன் சொல்லுறது சரி. முறையாச் செய்யோணும்," என்றேன். அவருடைய விதிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்பதுதான் உண்மை.

அன்றைக்கே அந்தச் சட்டியைப் பார்த்தார். அடுத்த இரண்டு நாளும் விடியற்காலையில் அவர் அவளிடம் போய்ச் சட்டி கேட்டார். முதல் தரம் போனபோது வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் முகம் மலர்ந்ததாம். "சோதிக்கத்தான் பிள்ளை," என்று சொல்லியிருக்கிறார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் அந்த மனிதருக்குக் கிடையாது. என் கதிரையில் இருந்து, தயிரை மெல்லிசாகத் தடவி, நுனியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். இடக்கை டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. நடுவில் நான் ஏதாவது கதைத்தால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்குவார். நானா கதைக்காமல் இருக்கிறவன்? இரண்டாம் நாள்த் தயிரை மூன்று தரம் பார்த்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் முடித்தார். கோடு போட்ட தாள் ஒன்றில், திருத்தமான கையெழுத்தில், 'மூன்று நாள் தயிர். ஒவ்வொன்றிலும் நூறு இடம் பார்த்தேன். புழு காணப்படவில்லை' என்று எழுதிக் கையொப்பமிட்டார்.

"நல்ல தயிர் எண்டும் ஒரு வரி போடுங்களன் அண்ணன்," என்றேன்.

"நல்லதா எண்டு நான் பாக்கல்ல. புழு இரிக்கா எண்டுதான் பாத்தன்."

அந்நேரம் மனைவி கடைத்தெருவிலிருந்து வந்தாள். பையைக் கீழே வைக்காமலே சொன்னாள். "ஏறாவூர் யாவாரி லொறியோட வந்து மூணு எருமையை ஏத்திக்கொண்டு போறான். அந்தச் சின்னப் பிள்ளை றோட்டில நிண்டு அழுகுது." அண்ணன் பேனாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தவில்லை. திரும்பவும் மூடினார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறூப்பில் மன்னிப்புப் போடுகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "குறூப்பில போட்டது ஒருக்கா. பொறகு வாயால போனதெல்லாம் குறூப்பிலயா போச்சு? வீடு வீடாப் போவம்," என்றார். போனோம். நான் மடியில் வைக்கிற சின்னக் கொம்பியூட்டரை மருமகனிடம் இரவல் வாங்கி, கையில் நுணுக்குக்காட்டியோடு முன்னால். அவர் தாளோடு பின்னால். ஒவ்வொரு வீட்டிலும் இடுக்கியால் அந்த நூலை உள்ளே வைத்து, வெள்ளைக் கடதாசியில் புழு நீந்துவதைக் காட்டி, பிறகு நூலை எடுத்துத் தயிரைக் காட்டினேன். ஒரு வீட்டில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒரு வீட்டில் என் கால் நகத்தைக் காட்டச் சொன்னார்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், "பனியன் யாருடையது?" என்று விசாரணை நடத்தினார். நான் கூத்துக் காட்டி முடித்ததும் அவர்கள் தாளை வாங்கி வாசித்தார்கள். இரண்டு நாளில் ஒழுங்கை முழுவதும் முடிந்தது. நாயாக அலைந்தாலும் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று எனக்குத் திரும்பவும் பெருமை வந்துவிட்டது. அது என்னைவிட்டுப் போகாத வியாதி.

கடைசியாக அவளுடைய வீடு. தொழுவத்தில் நாலு எருமை நின்றன. நான் கையைக் கட்டிக்கொண்டு, "தங்கச்சி, நான் பெரிய மடையன். மன்னிச்சிரு," என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க மடையன் எண்டு எனக்கு முந்தியே தெரியும் அண்ணன். வீட்டில அக்காட்டச் சொல்லுங்க, நாளையில இருந்து சட்டி வரும்," என்றாள். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிட்டாள்.

அண்ணன் தாளை நீட்டினார். வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"நூல் எண்டு எப்ப கண்டீங்க ஐயா?"

"முதல்நாள்."

அங்கேயும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

"அண்டைக்கே வந்து ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, மூணு எருமையும் நிண்டிரிக்கும்."

"ஓம் பிள்ளை," என்றார். அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவருக்கு அவள் தயிர் விற்கவேயில்லை. போய்க் கேட்டால் முடிந்துவிட்டது என்பாள். அவர் வேறு இடத்திலும் வாங்கவில்லை. நான் இரண்டு சட்டி வாங்கி ஒன்றை அவருக்குக் கொண்டுபோனேன். "எனக்கெண்டு சொல்லியா வாங்கினீங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் திருப்பித் தந்துவிட்டார். ஊரைக் கெடுத்த எனக்கு ஒரு குறையும் இல்லை. நாள்தோறும் சோற்றில் தயிர் விழுந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர் வெறும் புளிச்சாற்றோடு தின்றார். அது எனக்கு இன்றுவரை சீரணிக்கவில்லை.

போன மாரியில் அவர் காலமானார். மகள் வந்து எல்லாம் செய்தாள். முப்பத்தோராம் நாள்ச் சாப்பாட்டுக்குப் பந்தி இருந்தபோது, ஒழுங்கை முடிவிலிருந்து ஒரு தள்ளுவண்டி நிறையத் தயிர்ச் சட்டி வந்தது. யாரும் சொல்லிவிடவில்லையாம். அவளே கரண்டியை எடுத்து இலை இலையாகப் போட்டுக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும் மெல்லக் கேட்டேன்.

"அண்ணனில இரிந்த கோவம் போயிட்டா தங்கச்சி?"

"இல்ல. என்ட மூணு எருமையும் திரும்பி வரல்லயே."

"பொறகு என்னத்துக்கு இவ்வளவு தயிர்?"

அவள் கரண்டியை நிறைத்து என் இலையில் கவிழ்த்தாள்.

"இண்டைக்கும் சனம் என்னட்ட வாங்கித் திங்குறது அவர் கையெழுத்து வெச்ச கடதாசியாலதானே. நீங்க வீடு வீடாப் போய் ஆடினதாலயா?"

"இல்லை," என்றேன். அவள் அடுத்த இலைக்குப் போனாள்.